மச்சான் கைக் கயிறு

தூத்துக்குடி,
மாசி, 1947.

சேசு மரி சூசை துணை.

கொழும்புத் துறைமுகத்தில் பாடுபடும் என் அன்புத் தம்பி தொம்மைக்கு, அக்காள் கித்தேரி எழுதுவது. உன் மருமக்கள் சுகம். உன் அத்தானைத்தான் சுகம் என்று எழுத முடியவில்லை.

வாதம் அடித்து அவர் விழுந்ததை முன்பே எழுதியிருந்தேன். கைகால் கொஞ்சம் அசைகிறது. பேச்சும் தொண்டையும் திரும்பவில்லை. கஞ்சித் தண்ணீர் ஒரு மிடறு கொடுத்தாலும் மூச்சுக்குழலுக்குள் போகிறது. வாய்வழி ஊட்டினால் நெஞ்சில் சளி கட்டிச் சீக்கிரமே போய்விடுவார் என்று டாக்டர் சொல்கிறார். மூக்கில் ரப்பர் குழாய் விட்டுப் பால் ஊற்றினால் ஒரு மாதம், இரண்டு மாதம் கூடலாமாம். பிழைப்பார் என்று சொல்ல மாட்டாராம். குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிலோடு கட்ட வேண்டுமாம். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தால் சில நாள்தான்.

மாமியார், “ஏளா, எம்புள்ளையப் பட்டினி போட்டா கொல்லப் பாக்க?” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறார். பெற்ற வயிறு, கத்தட்டும். நான் யாரிடம் போய்க் கத்துவது?

இனி எழுதுவதைப் படித்து அக்காளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்காதே. உதட்டை நனைக்கக் கரண்டி வாயருகே வந்தால், கடலில் சங்கு குளிக்க இறங்கும்போது செய்வதுபோல மூச்சை அடக்கிக்கொள்கிறார். கண் மட்டும் திறந்தபடி மேலே எதையோ பார்க்கிறது. உதடு நீலம் பாரிக்கும்வரை மூச்சு விடுவதில்லை. நெஞ்சில் காது வைத்தால் வள்ளத்தின் அடியில் தண்ணீர் மோதுகிற சத்தம் கேட்கிறது.

கூப்பிட ஏதுவாக இருக்கட்டும் என்று, அவர் சங்கு குளிக்க மூழ்கும்போது வள்ளத்தில் இருந்து நீ பிடித்த பழைய கயிற்றின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்து, மறு நுனியை என் இடது மணிக்கட்டில் கட்டியிருந்தேன். நேற்று மத்தியானம் அடுப்படியில் இருக்கையில் கயிறு சுண்டிச் சுண்டி இழுத்தது. ஓடினேன். அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கை விரிந்து, கயிற்று நுனி தரையில் கிடந்தது. என் மணிக்கட்டில் மட்டும் இழுப்பு நிற்கவில்லை. நுனியைத் தொட்டால் ஈரம். வெயிலில் போட்டேன், உப்புப் பூத்துவிட்டது.

அவரோடு கடலுக்குப் போகும் வளன் அண்ணனிடம் கேட்டேன். “ஒரே இழுப்பா இழுத்தா தூக்கணும் தாயி. சுண்டிச் சுண்டி இழுத்தா, கயிறு போதல, இன்னும் விடுன்னு சொல்லுதான்” என்றார். என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

அக்காள் தாலிக்குப் பயந்தவன் கயிற்றை விடமாட்டான் என்றுதானே மூழ்குகிறவனின் மச்சான் கையில் அதைக் கொடுக்கிறார்கள். நீயும் ஒருநாளும் விட்டதில்லை. இப்போது நானாக விட எனக்குக் கை வரவில்லை. குழாய்க்குச் சம்மதித்து அந்தக் கையைக் கட்டவும் மனம் வரவில்லை. கயிற்றை நேற்றே அவிழ்த்துவிட்டேன். இதை எழுதும்போதும் இடது கையில் இழுக்கிறது. பயமாக இருக்கிறது தொம்மை.

அடுத்த கப்பலுக்கே வா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துப் பார். தூக்கச் சொல்கிறாரா, விடச் சொல்கிறாரா என்று உன் கைக்குத் தெரியும். தூக்கச் சொன்னால் குழாய் போடுவோம். விடச் சொன்னால் விட்டுவிடு. என் கழுத்தை மட்டும் பார்க்காதே. கடலில் உன் கப்பலுக்கு மாதா துணையிருப்பாள்.

உன் அக்காள்,
கித்தேரி