உங்கள் பந்தலும் அஞ்சலையம்மாள் போன வழியும்

என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமும் இருபது நாளும் ஆகின்றன. முதலாம் ஆண்டு நினைவு நாளை ஜாம் ஜாம் என்று நடத்திவிட்டேன் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். நீங்கள் உயிரோடு இருந்தபோதே உங்களிடம் பொய் சொல்லி ஜெயித்தவன் இல்லை நான். இப்போது மட்டும் முடியுமா?

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. திண்டிவனத்தில் டிராக்டர் சாமான் கடை ஏதோ ஓடுகிறது. உங்கள் பேத்தி விழுப்புரத்தில் சட்டம் படிக்கிறாள். அவள் என்னோடு சரியாகப் பேசி இருபது நாளாகிறது. ஏன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

நினைவு நாளன்று உங்கள் படத்திறப்புக்கு ஊர்த்தெருவை அடைத்துப் பந்தல் போட்டேன். மாரியம்மன் கோயிலில் ஆரம்பித்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும், ஒரு சைக்கிள் நுழைய இடமில்லை. நானூறு நாற்காலி, வாழைமரம், ஆளுயர பேனரில் உங்களுக்குப் பக்கத்தில் கைகூப்பியபடி நான். மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய தலைவர் வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்கு என்றவர் மதியம் ஒன்றரைக்குத்தான் கிளம்பவே செய்தார்.

அந்த நேரத்தில் வார்டு மெம்பர் கலா வந்தாள். காலனிப் பெண், எதையும் தயங்காமல் பேசுகிறவள்.

“அண்ணே, காலனில ஒரு சாவு. மூணு மணிக்கு எடுக்கறாங்க. பந்தல இந்தப் பக்கமா கொஞ்சம் அவுத்து வுட்டீங்கன்னா போய்டுவோம்.”

பந்தல்காரரைப் பார்த்தேன். அவுத்தால் திரும்பக் கட்ட இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். எனக்குப் பதற்றம். தலைவர் செஞ்சி ரோட்டைத் தாண்டிவிட்டதாக அப்போதுதான் போன் வந்திருந்தது.

“இன்னைக்கு ஒரு நாள்தானம்மா. ஏரிக்கர வழியா போய்க்கச் சொல்லு. மேளத்தையும் கொஞ்சம் அடக்கி அடிக்கச் சொல்லு.”

ஆமாம் அப்பா, நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். கலா உடனே போகவில்லை. நான் இன்னும் ஏதோ கேட்பேன் என்று எதிர்பார்த்தவள் மாதிரி நின்றாள். நான் மைக் செட்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அந்த ஏரிக்கரையின் கதை உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் காலனிச் சாவு ஊர்த்தெருவில் போகக் கூடாது. ஏரிக்கரையில் ஏறி, வயல் வரப்பில் இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் பஞ்சாயத்துத் தலைவராகி மூன்றாவது மாதம், நடவு முடிந்த கழனியில் தூக்கிப் போனவர்கள் வழுக்கி விழுந்து, பாடை சேற்றில் கவிழ்ந்துவிட்டது. பாம்பு கடித்துச் செத்துப்போன ஒரு இளம் கூலித் தொழிலாளியின் பாடை அது. அவருடைய மனைவி மறுநாள் இடுப்பில் கைக்குழந்தையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். எனக்கு அப்போது ஏழு வயது.

“எம் புருஷன சேத்துலேர்ந்து பொறுக்கி எடுத்துக்கினு போனாங்க. நாங்களுந்தான ஓட்டுப் போட்டோம்? நீ தலைவரா இருந்து இன்னா பிரயோஜனம்?”

அன்று நீங்கள் சாப்பிடவில்லை. அடுத்த சாவு விழுந்தபோது காலனிக்குப் போய், முன்பக்கம் நின்று தோள் கொடுத்து, பாடையை ஊர்த்தெரு நடுவில் கொண்டு வந்தீர்கள். கல் விழுந்தது. சாணித் தண்ணீர் விழுந்தது. மறுநாளிலிருந்து முடிவெட்டுகிறவரும் துணி வெளுக்கிறவரும் நம் வீட்டுக்கு வரக் கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு வைத்தார்கள். அத்தைக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. மாமா பதினோரு வருடம் நம் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. நீங்கள் தெரு எல்லோருக்கும் பொது என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டீர்கள். ஒவ்வொரு சாவுக்கும் போய் நின்றீர்கள். கடைசியில் ஊர் அலுத்துப்போய் விட்டுக்கொடுத்தது. ஒன்றியத் தலைவர் ஆனதும் ஒரு தடவை எம்.எல்.ஏ. ஆனதும் அதற்குப் பிறகுதான். யாராவது மேடையில் இதைப் பாராட்டினால், “அந்தப் பொண்ணு வந்து கேக்கலன்னா நான் பண்ணியிருப்பனா?” என்று சொல்லி உட்கார்ந்துவிடுவீர்கள்.

படத்திறப்பில் பேசிய எல்லோரும் இதைத்தான் பேசினார்கள். செத்தவர்களுக்கு வழி திறந்துவிட்ட மகான் என்றார் ஒருவர். அன்றைக்குக் கல் எறிந்தவர்களின் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அடங்கும்போது ஏரிப் பக்கமிருந்து பறைச் சத்தம் மெல்லக் கேட்டது. தலைவர் என் பக்கம் சாய்ந்து, “அங்க என்ன சத்தம்?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க ஐயா” என்றேன்.

எல்லோரும் போன பிறகு கலா மறுபடி வந்தாள். கையெல்லாம் முள் கீறல்.

“யாருன்னுகூட கேக்கலியேண்ணே. நம்ம அஞ்சலையம்மாதான். கரையெல்லாம் வேலிகாத்தான் மண்டிக் கெடக்குது. அதுல யாரு போறாங்க இப்போ? முள்ள வெட்டி வெட்டி வழி பண்ணிக்கினு போனோம்.”

அஞ்சலையம்மாள். நம் வாசலில் வந்து உங்களைக் கேள்வி கேட்டாரே, அவரேதான். புருஷனைச் சேற்றில் கொண்டுபோன வழியிலேயே அந்த அம்மாவையும் அனுப்பி வைத்தேன். அதுவும் உங்கள் பெயரைச் சொல்லி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். இது அதைவிடக் கேவலம் அப்பா. வேறு யாராக இருந்திருந்தால் பரவாயில்லையா என்று உங்கள் பேத்தி கேட்டாள். அன்றிலிருந்துதான் அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நான் உடனே அந்த வீட்டுக்கு ஓடியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? போகவில்லை. பதினைந்து நாள் கடையில் பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருமாதி அன்றைக்குத்தான் கால் போனது. அன்று கைக்குழந்தையாக வந்த ஏழுமலைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, கண்டமங்கலம் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். டீ கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் அழுதேன். நான் செத்தால் என்னையும் அந்த ஏரிக்கரை வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளைகளிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். சொல்லும்போது பெரிய தியாகம் செய்கிற மாதிரி எனக்கே இருந்தது.

ஏழுமலை சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“நீங்க செத்தப்புறம் எந்த வழியா போனா எங்களுக்கு இன்னாங்கண்ணே? உயிரோட இருக்கும்போது வழிய வுடுங்க. அதுவும் இல்லாம, அன்னைக்கு ஊரே பாக்கத்தான எங்கள அனுப்புனீங்க? இன்னைக்குத் தனியா வந்து சொல்லிட்டுப் போறீங்களே.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. நான் டீயைக் குடித்து முடிக்காமல் எழுந்து வந்தேன்.

அதனால்தான் அப்பா, உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லித் தீர்த்திருக்க வேண்டியதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு பெண் கேட்ட கேள்வி போதுமாக இருந்தது. ஒரே கேள்வியில் எழுந்து நடந்தீர்கள். எனக்கு ஏன் அது வரவில்லை? நீங்கள் எனக்குச் சொல்லித் தராமல் விட்டீர்களா, நான் பார்த்துக்கொண்டே கற்றுக்கொள்ளாமல் இருந்துவிட்டேனா?

இனி உங்கள் நினைவு நாளுக்குத் தெருவில் பந்தல் கிடையாது. அது சுலபம், சொல்லிவிட்டேன். கஷ்டமானது ஒன்று இருக்கிறது. வருகிற கிராம சபைக் கூட்டத்தில், ஊரும் காலனியும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது எழுந்து, நான் செய்ததை என் வாயால் சொல்லி ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்பேன். முன்வரிசைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். உங்கள் பிள்ளையா இவன் என்பார்கள். ஏழுமலை மன்னிப்பாரா, அதுவும் தெரியாது. ஆனால் சொல்லாமல் திண்டிவனம் பஸ் ஏற மாட்டேன்.

உங்கள் பெயரில் மாலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்ட,
உங்கள் மூத்த மகன்
குமார்