மட்டக்கம்பின் கணு

மதினி,

இன்று காலை பேத்தி கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மஞ்சளும் நீலமும் சிவப்புமாக மயிர் மயிராகக் கோடுகள். நடுவில் ஒரு சுழி, பச்சைக் குழந்தையின் உச்சந்தலையில் இருக்குமே, அப்படி. உங்கள் மட்டக்கம்பின் உள்பக்கமாம் இது. கதவு மூலையிலிருந்து கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

அந்தக் கம்பை மறந்திருக்க மாட்டீர்கள். தேயிலைச் செடியின் மேல் படுக்க வைத்து, மட்டத்துக்கு மேல் நிற்கும் கொழுந்தை மட்டும் கிள்ளுவோம். எல்லோரும் வழுவழுப்பான நேர்க்கம்பு வைத்திருக்க, உங்களுடையது மட்டும் கணு வைத்த கொய்யாக் கம்பு. கங்காணி கேலி பேசினார். "கம்புதாங்க கோணல், என் மட்டம் கோணலில்ல" என்றீர்கள். நிரையில் கொழுந்தெடுத்த அத்தனை பேரும் சிரித்தார்கள். உங்கள் கட்டைவிரல் எப்போதும் அந்தக் கணுவின் மேல்தான் இருக்கும். தேய்ந்து தேய்ந்து அங்கே பளபளப்பு ஏறிவிட்டது.

மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது நின்றுவிட்டால் கம்பு அடுப்புக்குப் போவதுதானே நம் லயத்து வீடுகளில் வழக்கம்? கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "இத மட்டும் எரிச்சிராத, புள்ள." எரிக்கவில்லை. உங்களுடையது என்று சொல்ல என்னிடம் வேறெதுவும் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு கூடை தூக்கியவள். என் மகள் பெற்றவள் வெளிநாட்டில் எக்ஸ்ரே ஆராய்ச்சி செய்கிறாள். தலவாக்கலை பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்டாலும் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். போன லீவுக்கு வந்தவள் இந்தக் கம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணுவில் அரிசி அளவு துண்டு வேண்டுமென்றாள். கணுவைக் கையால் மூடிக்கொண்டேன். முனையில் வெட்டிக்கொள்ளச் சொன்னேன்.

"முனையில எல்லாம் நேராத்தான் ஓடும், அம்மாயி. கணுவுலதான் வளையும். மனசு இல்லன்னா விடுங்க."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. என்னதான் ஆராய்ச்சி என்று நான்தான் கேட்டேன். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே நிழலைக் காட்டுவதாம். இவள் பார்ப்பது பொருளில் பட்டுச் சிதறும் கதிர்களை. எப்படிச் சொல்வதென்று யோசித்தவள், என் முந்தானையை இழுத்து வாசல் விளக்குக்கு நேரே பிடித்தாள். விளக்கைச் சுற்றிக் கோடு கோடாக வெளிச்சம்.

மதினி, இது நீங்கள் காட்டிய விளையாட்டுதானே! தூறலில் கொழுந்தை எடைபோட மலையிலிருந்து இறங்கும்போது, தலையில் போட்ட முந்தானை வழியே தேயிலை ஸ்டோர் விளக்கைப் பார்க்கச் சொல்வீர்களே. "வெளக்குக்குக் காலு மொளச்சிருக்கு பாரு!" துணியைத் திருப்புவீர்கள். கால்களும் கூடவே திரும்பும். கூடைச் சுமையோடு நின்று சிரிப்போம்.

நூல் ஓடும் பக்கத்தை வைத்து வெளிச்சம் சிதறுகிறதாம். மரத்துக்குள் இழை ஓடும் பக்கத்தை வைத்து எக்ஸ்ரே சிதறுமாம். ஒரு பக்கமிருந்து பார்த்தால் போதாது. துண்டைத் திருப்பி, சாய்த்து, எல்லாப் பக்கமும் பார்த்த பிறகுதான், உள்ளே ஒவ்வோர் இடத்திலும் இழை எந்தத் திசையில் போகிறது என்று, திசைக்கொரு நிறமாகக் கணினி படம் கட்டித் தருமாம்.

மறுநாள் காலையில் நானே கம்பைக் கொடுத்தேன். அவள் அறுக்கும்போது அசையாமல் பிடித்துக்கொண்டதும் நான்தான். இத்தனை வருசத்துக்குப் பிறகும் கொய்யா வாசம் லேசாக வந்தது. பளபளப்பில் ஒரு துளி போய், அங்கே சின்னப் பள்ளம் விழுந்தது.

"உள்ள அவங்க வெரலு அமுத்துனது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது, அம்மாயி. மரம் உசுரோட இருந்தப்ப எப்படி வளைஞ்சுச்சோ, அதுதான் தெரியும்."

அப்படிச் சொல்லியும், காலையிலிருந்து படத்தில் உங்கள் விரலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இல்லை. கிளை இருந்த இடம்தான் கணு. கிளை எப்போதோ போய்விட்டது. ஆனால் இழைகள் ஒன்றுகூட நேராகப் போகவில்லை, மதினி. எல்லாம் அந்த இடத்தைச் சுற்றி வளைந்துதான் போகின்றன.

கம்பு இன்னும் என் மடியில் கிடக்கிறது. என் கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது.