கங்காணி என்றொரு நாய்க்குட்டி

1931 ஆவணி, வெள்ளிக்கிழமை. மஹய்யாவ.

காலையில் குழாயடியில் அத்தனை பேர் முன்னாலும் பக்கத்து வீட்டுக் கங்காணி என்னைப் "போடா நாயே" என்றான். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலை முடிந்து வரும்போது ஒரு நாய்க்குட்டியை வாங்கி வந்தேன்.

"ஒத்தக் காம்பராவுல நாமளே ஒடுங்கிப் படுக்கிறோம். நாய் எதுக்குங்க?" என்றாள் என் மனைவி.

நியாயம்தான். விடியுமுன் தெருக்கூட்டப் போகிறவனுக்கு நாய் தோதுப்படாது. நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

அதற்குள் ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன். வாசலில் நின்று, "டேய் கங்காணி, வாலை ஆட்டிக்கிட்டு வாடா!" என்று கத்தினேன்.

குட்டி அசையவில்லை. "எவன்டா என்னையக் கூப்பிட்டது?" என்று அவன்தான் ஓடிவந்தான். வரிசை வீடெல்லாம் சிரித்தது.

குட்டி இங்கேயே இருக்கட்டும். அதற்குப் பெயர் இன்னும் பழகவில்லை. தினமும் கூப்பிட வேண்டும்.