வளைக்குள் போன கேமரா

அன்பு மகள் டார்லாவுக்கு, அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் எங்கள் உடம்புக்குக் குறையில்லை, அந்த நெவாடா பாலைவனத்தில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றுதான் தெரிய வேண்டும். சர்ச்சில் எல்லாரும் உன் வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள். யாரும் வேட்டையாடாத பிராணிகளைக் காப்பாற்றும் வேலை என்றேன், "மானும் இல்ல, வான்கோழியும் இல்ல, அப்புறம் எதுக்குச் சம்பளம்?" என்று சிரிக்கிறாள் பக்கத்துப் பண்ணை ஓப்பல். எனக்கும் முழுசாய்த் தெரியாதே. அதனால்தான் போன வாரம் உன்னைப் போலவே ஒரு பெண், கெல்சி என்று பேர், அரசாங்க வண்டியில் வந்து நம் பைன் காட்டு ஆமை வளைகளைப் பார்க்கலாமா என்றதும் நானே சரி என்றுவிட்டேன்.

உன் அப்பா முறைத்தார். உள்ளே பதுங்கும் பாம்பை வெளியே விரட்ட ஆமை வளையில் பெட்ரோல் ஊற்றினதற்காக நீ அவரோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினாயே, அதிலிருந்து ஆமை என்றாலே அவருக்கு ஆகாது. ஆனால் கெல்சி நீளக் குழாயின் முனையில் கேமராவை மாட்டி உள்ளே விட்டதும் மனிதர் மெல்ல நகர்ந்து வந்து திரைக்கு முன்னால் மண்டியிட்டுவிட்டார். உள்ளே ஆமை, பக்கத்தில் ஒரு தவளை, கொஞ்சம் தள்ளிக் கருநீலமாய் மினுங்கும் இண்டிகோ பாம்பு, மூன்றும் ஒரே வீட்டில், அடேயப்பா! "அது ஏன் தவளையத் திங்கல?" என்று கேட்டார். "பசிச்சா திங்கும் சார்" என்றாள் அவள். அதற்கப்புறம் கேள்வி மேல் கேள்வி, அந்தப் பெண்ணைச் சாப்பிடக்கூட விடவில்லை.

சனிக்கிழமை உன் சித்தப்பா டுவெய்ன் வழக்கம்போல ரப்பர் குழாயும் பெட்ரோல் கேனுமாய் வந்தார், பிடித்த பாம்புக்குப் பரிசு தரும் அந்தப் பாம்புத் திருவிழாவுக்குக் கிலுகிலுப்பைப் பாம்பு பிடிக்க. அப்பா வளை வாசலில் நின்று, "இதுல ஊத்தாதடா" என்றார். "என்னண்ணே, மகளுக்குப் பயந்துட்டியா?" என்று அவர் சீண்ட, "ஆமா, பயந்துட்டேன். கேனை எடுத்துட்டுக் கிளம்பு" என்றாரே!

அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று, "இத்தனை வருஷமா ஊத்துனோமே, வெளிய வராத ஆமையெல்லாம் என்ன ஆச்சுன்னு டார்லாகிட்ட கேளு" என்றார். கெல்சியிடமே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே, கர்த்தர் உன் கூடவே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே. அப்பாதான் எடுப்பார். கேட்டால் உண்மையைச் சொல்லு, ஆனால் மெதுவாய்ச் சொல்லு கண்ணு.

முத்தங்களுடன்,
உன் அம்மா நெல்டா