மூன்றாவது ஜன்னல்

1986 ஒக்டோபர் 14, சமேடன்

இன்றோடு ஹோட்டல் பூட்டு. செஃப் இத்தாலிக்கு, போர்த்துக்கீசப் பெட்டைகள் போர்த்துக்கலுக்கு, முதலாளி அம்மா முழங்கால் ஒப்பரேசனுக்கு. டிசம்பரில் பனிச்சறுக்குக்காரர் வரும்வரை நாற்பத்திரண்டு அறைக்கும் நானே காவல். கோப்பை கழுவுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பதவி உயர்வு உண்டோ? ஆனால் படுக்கை பழைய பரண் அறையில்தான்.

டெஸ்மண்டின் கடிதம் வந்தது. அயர்லாந்திலே கோர்க் என்ற ஊர்க்காரர். இரண்டு வருசத்துக்கு முன் கோடையில் இங்கே தங்கினார். நான் குப்பை கொட்டப் போன நேரம் ஸ்டேசனடியில் ஒரு வெள்ளைக்காரர் நிலத்தில் படுத்திருந்து ரயில் பெட்டிக்கு அடிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதும் துலைஞ்சதோ?" என்று இங்கிலிஷில் கேட்டேன். "ஓம், ஒரு ரயில் பாதை முழுக்க" என்றார். அவர்கள் ஊரின் குட்டிப் பாதைகளை எல்லாம் மூடி, பெட்டிகளைத் தோட்டக்காரருக்கு விற்றுவிட்டார்களாம். அதுகளைத் தேடித் தேடிப் படம் எடுக்கிறார். புத்தகம் போடப் போகிறாராம். நான் காங்கேசன்துறை ஸ்டேசனில் பதினெட்டு வருசம் சாமான் கந்தோர் கிளாக்கர் என்று சொன்னதும் எழும்பி நின்று கை தந்தார். இந்த நாட்டில் எனக்காக எழும்பி நின்ற முதல் ஆள்.

அன்றிலிருந்து பண்டமாற்று. அவர் அயர்லாந்துப் பெட்டிகளை அனுப்புகிறார். நான் இங்கத்தைய பழைய மரப் பெட்டிகளை ஒப்புப் பார்க்க அனுப்புகிறேன்.

ஒக்டோபர் 15

படம் எடுக்க டெஸ்மண்டின் சட்டங்கள்: சூரியன் முதுகுக்குப் பின்னால். பெட்டி முழுதாக. இலக்கம் வாசிக்கக்கூடியதாக. மனுசர் ஒருத்தரும் படத்தில் விழக்கூடாது.

கடைசிச் சட்டம் எனக்குச் சுகம். இந்த ஊரில் எனக்கு அதுவாகவே நடக்கிறது.

ஒக்டோபர் 19

அவர் அனுப்பிய டொனகல் படத்தில் ஒரு கோழிக்கூடு. முந்தி ரயில் பெட்டியாம். எந்த வகுப்பு என்று கேட்கிறார். பூதக்கண்ணாடி வைத்து ஒரு மணித்தியாலம் பார்த்தேன். பக்கவாட்டில் ஓரிடத்தில் மட்டும் பலகை புதுசு. ரயில் கார்ட் ஜன்னலால் எட்டிப் பார்க்கிற புடைப்பை வெட்டி அடைத்திருக்கிறான் தோட்டக்காரன். "இது கார்ட் பெட்டி ஐயா, கோழிகள் கள்ளப் பயணம் போகின்றன" என்று எழுதிவிட்டேன்.

காலையில் வெயில் நல்லது. ஸ்டேசனில் தனியே விட்டிருந்த பச்சை மரப் பெட்டியைப் படம் எடுத்தேன். கமராவை முக்காலியில் வைத்து, கம்பி விசையைக் கையில் பிடித்துக்கொண்டு, வழமைபோல் "கொஞ்சம் சிரி பிள்ளை" என்றேன். சொல்லாமல் நான் படம் எடுக்கிறதில்லை. அது சிரிக்காது. நான்தான் சிரிக்கிறனான்.

ஒக்டோபர் 27

புனிதவதியின் கடிதம். என் பெண்சாதிக்கு எழுத்து எப்போதும் குண்டு குண்டாக இருக்கும். இந்த முறை ஊசி.

"ரெண்டு வருசமா ரயில் பெட்டி ரயில் பெட்டியா அனுப்புறியள். ஒண்டிலயாவது உங்கட முகம் இல்லை. ஜெயமலர் எங்கட ஒழுங்கையில வீடு வீடாச் சொல்லித் திரியிறாள், உங்களுக்கு அங்க வெள்ளைக்காரி இருக்கிறாளாம், அதுதான் முகம் காட்டேல்லையாம். நான் கேக்கேல்லை. பாலசிங்கண்ணை தைப்பொங்கல் கழிய மெட்ராசுக்குப் போறார், என்னையும் வரட்டாம். எனக்கென்ன பிள்ளையோ குட்டியோ. நீங்கள் இருக்கிறியள் எண்டால் வீட்டில இருப்பன். இல்லையெண்டால் அதைச் சொல்லுங்கோ, நான் அண்ணையோட போறன். பெட்டி அனுப்ப வேண்டாம்."

வெள்ளைக்காரி! இந்த மூஞ்சிக்கு! ஜெயமலருக்கு என் மேல் உள்ள மரியாதை எனக்கே இல்லை.

சிரித்துப் பார்த்தேன். வரவில்லை.

ஒக்டோபர் 28

உண்மையை இங்கேயாவது எழுதலாம். முதல் குளிர்காலத்தில் பனியில் வழுக்கி முன்பல் மூன்று போனது. தலைமயிர் அதற்குத் துணைக்குப் போனது. அவளுக்கு எழுதவில்லை. வெளிக்கிடும்போது படிய வாரின தலையோடு போன மனுசன்.

நவம்பர் 3

கூர் பட்டினத்துக்குப் போனேன். ஸ்டேசனில் தானாகப் படம் பிடிக்கிற பெட்டி ஒன்று நிற்கிறது. காசு போட்டால் நாலு படம். முதலாவதில் வாய் மூடியிருக்கிறேன்: பொலிஸ் தேடும் ஆள். இரண்டாவதில் வாய் திறந்தேன்: அதே ஆள், பிடிபட்ட பிறகு. மூன்றாவதில் கண் மூடிவிட்டது. நாலாவதில் நான் பாதி எழும்பிவிட்டேன். கிழித்துப் போட்டேன்.

குகதாசனிடம் போனேன். ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை. ஜெயமலரின் சொந்தத் தம்பி.

"என்னடாப்பா, உன்ர அக்கா எனக்குக் கலியாணம் கட்டி வைச்சிட்டா?"

"அண்ணை, நீங்கள்தானே போன வருசம் எங்கட ஊர்ப் பரமேஸ்வரிக்கு ஒரு டொக்டரைக் கட்டி வைச்சு எல்லாருக்கும் கடிதம் எழுதினீங்கள்?"

தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக் குடித்தேன். அந்தக் கதை பொய். எனக்குப் பொழுது போகாத கிழமை அது.

"உங்கட கமராவைத் தாங்கோ, நான் ஒரு படம் எடுத்துத் தாறன் அண்ணை, இப்பிடி நில்லுங்கோ."

பிலிம் முடிஞ்சு போச்சு என்றேன். பதினொரு படம் மிச்சம் இருந்தது.

நவம்பர் 4

ஏன் அப்படிச் சொன்னேன்? பல்லுக்கு வெட்கமோ? இல்லை. அவன் கமராவைத் தூக்கினதும், சிரிக்க ஒன்றும் ஞாபகம் வரவில்லை. முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்று வருசமாய் ஒருத்தரும் பார்க்காத முகம்.

நவம்பர் 16

பனி. பன்னிரண்டாம் அறைக் கதிரையில் இருந்தேன். பிறகு பதின்மூன்றாம் அறைக் கதிரையில்.

நவம்பர் 29

டெஸ்மண்டிடமிருந்து தடித்த கடிதம். "மிஸ்டர் ஸ்ரீ, நீங்கள் சொன்னது சரி. நேரே போய்த் தட்டிப் பார்த்தேன். கார்ட் பெட்டிதான்." ஸ்ரீஸ்கந்தராஜா என்று முழுக்க எழுத அவருக்கு மை காணாது. நீங்கள் சொன்னது சரி — இதை நாலு தரம் வாசித்தேன். கடைசியாய் எனக்கு ஆர் இப்படிச் சொன்னது?

கூடவே என்னுடைய பச்சைப் பெட்டிப் படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "அருமை. ஆனால் மூன்றாவது ஜன்னலில் ஓர் ஆள் விழுந்திருக்கிறார். முடிந்தால் திரும்ப எடுக்கவும்."

ஆளோ? அண்டைக்கு ஒரு காக்காய்கூட இல்லையே! பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

அந்த ஜன்னலுக்கு மட்டும் உள்ளே திரை இழுத்துக் கிடந்திருக்கிறது. அதால் கண்ணாடி முகம்பார்க்கிற கண்ணாடியாகிவிட்டது. உள்ளே முக்காலி. பக்கத்தில் ஒரு மொட்டைக் கிழவன், கையில் கம்பி, வாயெல்லாம் சிரிப்பு, முன்னுக்கு ஓட்டை. அவனுக்குப் பின்னால் வெறும் பிளாட்போம், வெறும் மலை.

வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயோ, நான் இன்னும் இப்படிச் சிரிக்கிறனானோ?

டிசம்பர் 1

சென்ட் மொரிட்ஸ் ஸ்டூடியோவில் அந்த ஜன்னலை மட்டும் பெரிதாக்கக் கொடுத்தேன். "இந்த ஆளையா, பெட்டியையா?" என்று கேட்டான். "ஆளை" என்றேன். சொல்ல ஒரு மாதிரி இருந்தது.

டிசம்பர் 5

முழுப் படத்தையும் ஜன்னலையும் அவளுக்குத் தபாலில் போட்டேன். பல் போன கதை, மயிர் போன கதை எல்லாம் எழுதினேன். "வெள்ளைக்காரி எங்கேயாவது ஒளிச்சு நிற்கிறாளோ என்று வடிவாய்ப் பாரும். கண்டால் எனக்கும் அறிவியும்" என்று எழுதிவிட்டு, அதை வெட்டினேன். பிறகு வெட்டினதை வெட்டாமல் விட்டிருக்கலாம் என்று கிடந்தது.

டிசம்பர் 20

ஹோட்டல் திறந்தாச்சு. கோப்பை மலை. செஃப் இத்தாலியிலிருந்து இன்னும் கொழுத்து வந்திருக்கிறார்.

1987 ஜனவரி 14

தைப்பொங்கல். குக்கரில் பொங்கினேன், ஒருத்தனுக்கு. மச்சான் பாலசிங்கம் இனி வெளிக்கிடுவார். கடிதம் இல்லை.

ஜனவரி 30

இல்லை.

பெப்ரவரி 11

குகதாசன் போன் பண்ணினான். பாலசிங்கண்ணை மெட்ராஸ் போய்ச் சேர்ந்துவிட்டாராம். "தனியவோ?" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ஊர்ப் புதினமெல்லாம் கேட்கிற வாய் இது.

பெப்ரவரி 22

வந்தது. கொக்குவில் முத்திரை. மெட்ராஸ் இல்லை, எங்கள் கொக்குவில்!

எழுத்து குண்டு குண்டாக.

"மூண்டாம் ஜன்னலில ஒரு கிழவர் நிக்கிறார். ஆரெண்டு அடையாளம் பிடிக்க முதல் சிரிப்பை மட்டுக்கட்டிப்போட்டன். ஜெயமலரைக் கூப்பிட்டுக் காட்டினன். 'இவருக்கு ஆரக்கா வரப்போறாள்' எண்டு சொல்லிப்போட்டுப் போறாள். எனக்குக் கோவம் வந்திட்டுது. அண்ணை மெட்ராசுக்குப் போயிட்டார். நான் வீட்டிலதான். எனக்கும் முன்னுக்கு நரைச்சிட்டுது, நானும் எழுதேல்லை. இனி ஜன்னலுக்குள்ள ஒளியாமல் வெளியில வந்து நில்லுங்கோ."

பெப்ரவரி 23

மத்தியானம் கமராவோடு ஸ்டேசனுக்குப் போனேன். பச்சைப் பெட்டி நின்றது. பனி வழிக்கிற மனுசர் ஜியாக்கனை மூன்று வருசமாய் நாளும் காண்கிறேன். இன்றைக்குத்தான் கிட்டப் போய், இதை ஒருக்கால் அமத்துங்கோ என்று கேட்டேன். கையுறையைக் கழற்றிவிட்டுக் கமராவை வாங்கினார். சரியாய்ப் பிடிக்கத் தெரியவில்லை. பெட்டியின் பாதிதான் விழுந்திருக்கும். இலக்கம் கட்டாயம் விழுந்திராது. டெஸ்மண்ட் கண்டால் மயங்கி விழுவார்.

ஜியாக்கன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சிரியுங்கள் என்றார்.