இரண்டு விரல் துணி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. பொத்தான் எப்படி இருக்கிறான் என்று நீ போனில் கேட்டபோது மழுப்பிவிட்டேன், இப்போது சொல்கிறேன். விடுமுறைக்கு வந்தபோது அப்பாவுக்குத் துணையாக நீ விட்டுப்போன அந்த நாய்க்குட்டி, தையல் மேசையிலிருந்து குதித்து முன்னங்காலை ஒடித்துக்கொண்டது. டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூன்றரை மாதக் குட்டிதானே, நாலு வாரத்தில் எலும்பு கூடிவிடும் என்று மட்டை வைத்துக் கட்டினார். வாரம் ஒருமுறை கட்டு மாற்றியே ஆக வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

உன் அப்பா கை சும்மா இருக்குமா. கட்டு தொளதொளவென்று இருக்கிறதாம், பார்க்கச் சகிக்கவில்லையாம். மேலே கெட்டித் துணியில் உறை போட்டு, காலோடு ஒட்ட இழுத்துத் தைத்துவிட்டார். அச்சில் வார்த்தது போல இருந்தது, நானும்தான் மெச்சினேன். இவ்வளவு கச்சிதமாக இருப்பதை எதற்குப் பிரிப்பது என்று அந்த வாரம் போகவில்லை. பத்தாம் நாள் குட்டி கிண்ணத்தைத் தொடவில்லை, கால்விரல்கள் வீங்கிச் சில்லிட்டிருந்தன. தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா கத்தரியால் உறையை வெட்டிக்கொண்டே, "என்ன டெய்லர் சார், வளர்ற பிள்ளைக்கு யாராவது இப்படி இறுக்கித் தைப்பாங்களா? பத்து நாள்ல இது எவ்வளவு வளர்ந்திருக்கு பாருங்க" என்றார். உன் பள்ளிச் சீருடை ஒவ்வொன்றிலும் மடிப்புக்குள் நீ வளர்வாய் என்று இரண்டு விரல் துணி விட்டுத் தைத்த மனுஷன், வெட்டி விழுந்த உறையைக் குனிந்து பொறுக்கிக்கொண்டார். விரல்கள் பிழைக்குமா என்பது மறுநாள்தான் தெரியும் என்றார்கள். அன்று முழுக்க மிஷின் ஓடவில்லை. மறுநாள் தொட்டுப் பார்த்தால் கதகதப்பு. அதற்குப் பிறகு ஒரு வாரமும் தவறவில்லை, போன வாரம் கட்டையே எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒடிந்தது எலும்பு வளரும் நுனிக்குப் பக்கத்தில் என்பதால், அந்தக் கால் மட்டும் குட்டையாக நின்றுவிடலாம், வளர்ந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அப்பா தினமும் காலையில் நாடாவோடு தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் அளக்கிறார், அது நாடாவைக் கடித்து இழுக்கிறது. இன்றுவரை இரண்டும் ஒரே அளவு.

உனக்குக் கோட் ஒன்று தைத்து அனுப்பியிருக்கிறார். கையிலும் ஓரத்திலும் இரண்டு விரல் துணி மடித்து விட்டிருக்கிறது. "முப்பத்திரண்டு வயசுல இனி எங்க வளரப்போறா" என்று கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அதைப் பிரித்துவிடாதே. போட்டுப் பார்த்து ஒரு வரி எழுது, அவர் கேட்கமாட்டார், காத்திருப்பார். நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு.

என்றும் உன் நினைவோடு,
அம்மா