கற்பூரம் கொளுத்தியவன்

இன்று காலை செட்டியார் ஒருவர் தன் புதுக் காரைப் பட்டறை முற்றத்தில் நிறுத்தி, கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். வாசனை உள்ளே வந்தது. கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு நான் பின்பக்கம் போய் நின்றேன். எனக்குப் பித்தம் என்று இங்கே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

உனக்குத்தான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே நீ கடிதம் படிக்கிற ஆள் இல்லை. உன் அம்மா ஆள் வைத்து எழுதி அனுப்பியதையெல்லாம் நான்தான் உனக்குப் படித்துச் சொன்னேன்.

நீ சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டம், நான் பாகான் டத்தோ தென்னந்தோட்டம். மோட்டார் வேலை பழக ஈப்போவுக்கு ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தோம். முதல் வருஷம் முழுக்க நமக்குத் தந்தது கழுவுகிற வேலை. பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய் டின்னில் பெட்ரோலை ஊற்றி, கழற்றிய சாமான்களைப் போட்டுத் தேய்ப்போம். கைத்தோல் வெளுத்து உரியும். நான் முணுமுணுத்துக்கொண்டே கழுவுவேன். நீயோ ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, எது எங்கே தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பாய்.

இரண்டாம் வருஷம் வால்வு தேய்க்க விட்டார்கள். பசை தடவி, உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். அதில் நான் அவசரக்காரன். நான் முடித்ததை நீ திருட்டுத்தனமாக இன்னொரு முறை தேய்த்து வைப்பாய். "மேஸ்திரி பாக்குறதுக்குள்ள குடு மச்சான், இது காத்து விடும்லா" என்பாய். என்னை அந்தப் பட்டறையில் விரட்டாமல் வைத்திருந்தது உன் கைதான். அதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு அந்தக் கார். ஒரு எஞ்சினை முழுக்கப் பிரித்து, நாம் இருவரே மாட்ட வேண்டும். பட்டறை முதலாளி வெள்ளைக்காரத் துரை வந்து பார்க்கும்போது அது ஓடினால் நாம் மெக்கானிக். ஓடாவிட்டால் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். பதினோரு நாள் வேலை செய்தோம். கடைசிக் காலை நல்ல மழை. நீ கார்புரேட்டரைக் கழுவி மாட்டிவிட்டு எழுந்தாய். சட்டைக் கையெல்லாம் பெட்ரோல்.

நான் கற்பூரம் காட்டாமல் எந்த வண்டியையும் கிளப்ப விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். வழக்கமாக வெளியே மரத்தடியில் வைத்துக் காட்டுவோம். பட்டறைக்குள் நெருப்பு கூடாது என்பது துரையின் கட்டளை. அன்று மழை என்பதால் உள்ளேயே ஒரு தகர மூடியில் வைத்துக் கொளுத்தினேன். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைக்கக் குனிய வேண்டியிருந்தது. "கொஞ்சம் புடி மச்சான்" என்று மூடியை உன்னிடம் நீட்டினேன்.

நீ சிரித்தாய். "எங்க மாதா கோயில் உபதேசியார் பாத்தாரு, நான் தொலைஞ்சேன்" என்றாய். ஆனாலும் வாங்கிக்கொண்டாய். நான் குனிந்தேன். நிமிர்ந்தபோது உன் கை எரிந்துகொண்டிருந்தது. அப்புறம் சட்டை. சாக்கைத் தேடி எடுத்து உன்மேல் போர்த்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நீ சாயங்காலம் வரை இருந்தாய். பேச்சு வரவில்லை. பட்டறையில் துரை கேட்டதைக் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார்: "எவன்டா உள்ளுக்குக் கொளுத்துனது?" நான் சொன்னேன்: "அவன்தாங்க."

இரண்டாம் நாள் அந்த எஞ்சின் ஒரே சுற்றில் கிளம்பியது. எல்லாம் நீ தேய்த்த வால்வு. என்னை மெக்கானிக் ஆக்கினார்கள். உன் பெயர் சொல்லித் திட்டிவிட்டு, என் முதுகில் தட்டினார் துரை.

உன் அம்மா வந்து என்னைக் கேட்டார். "தம்பி, எம் மவன் கையில கற்பூரமா இருந்துச்சு?" ஆமாம் என்றேன். அது பொய்யுமில்லை பார், அதுதான் என் கெட்டிக்காரத்தனம். வேதத்தை விட்டுச் சாமி கும்பிடப் போய்ச் செத்தான் என்று உங்கள் கோயிலில் பேசினார்கள். உனக்குச் சாவு மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வேலி ஓரமாகத் தள்ளிப் புதைத்தார்கள். அன்றிலிருந்து உன் அம்மா பூசைக்குப் போனால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லையாம். இது எனக்குத் தெரிந்தே நான்கு வருஷம் வேலை பார்த்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

போன மாதம் உங்கள் தோட்டத்து லாரி ஒன்று பழுதாகி, பட்டறையிலிருந்து என்னை அனுப்பினார்கள். உன் அம்மா பார்த்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போனார். கோப்பி கலக்கிக் கொடுத்தார். "வேல நல்லாருக்காப்பா? அவன் இருந்தா உன்னாட்டம் இருந்திருப்பான்" என்றார். கோப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் அழவில்லை. என் கைகளையே பார்த்தார். "எங்கிட்டச் சொல்லி என்னா? கோயில்ல வந்து சொல்லு" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். பூசை முடிந்ததும் உபதேசியார் என்னை முன்னால் நிறுத்தினார். கொளுத்தியது நான், பிடிக்கச் சொன்னது நான், பழியைப் போட்டதும் நான் என்று சொன்னேன். யாரோ காறித் துப்பினார்கள். உபதேசியாரே வெளியே போய் மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். பெண்கள் உன் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்தார்கள். அவர்களையெல்லாம் விலக்கிவிட்டு உன் அம்மா நேரே வேலிப் பக்கம் நடந்தார், உன்னிடம் சொல்ல.

நானும் பின்னால் போனேன். உன் காலடியில் விழுந்து எழ வேண்டும் என்று இருந்தது. பாதி வழியில் அவர் திரும்பினார்.

"நீ அங்க வராத தம்பி. எப்பவும் வராத."

அதனால்தான் இதைக் காகிதத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.